மகன் எழும்ப முதல் மீனை மாற்றிவிடுகிறேன்

கேள்வி: என் மகன் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகிறான். அவனுடைய பிறந்தநாளுக்குக் கனடாவில் இருக்கும் மாமா அனுப்பிய காசில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றும், ஆறு தங்கமீனும், எட்டுக் கப்பி மீனும் வாங்கினோம். ஒவ்வொரு ஞாயிறும் தொட்டியை ஒட்ட இறைத்து, கல், பில்டர் எல்லாம் தேய்த்துக் கழுவி, புதுக் கிணற்றுத் தண்ணீர் நிரப்புகிறேன். அப்படியிருந்தும் கிழமைக்கு இரண்டு மூன்று செத்துவிடுகின்றன. மகன் எழும்ப முதல் எடுத்துவிட்டு, டவுனில் அதே நிறத்தில் வாங்கி விட்டுவிடுவேன், அவனுக்குத் தெரியாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் மீனுக்குச் சரிவராதா? தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாமா?
— வாசகி, கோண்டாவில்

பதில்: தண்ணீரைப் பற்றிப் பிறகு கதைப்போம். "அவனுக்குத் தெரியாது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே தங்கச்சி, உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான்.

பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது என்று எப்படி முடிவெடுத்தீர்கள்? அந்த வயதில் பிள்ளைகள் ஒரு மீனின் வாலில் இருக்கும் கீறலைக்கூடக் கவனித்து வைத்திருப்பார்கள். உங்கள் மகனும் கண்டிருப்பான் என்றே நினைக்கிறேன். நீங்கள் ஒன்றும் நடக்காதது போல நிற்பதால் அவனும் ஒன்றும் கேட்காமல் இருக்கிறான். கிழமைக்கு இரண்டு தடவை அம்மாவும் பிள்ளையும் ஒருவருக்கு ஒருவர் மறைத்துக்கொண்டு ஒரே விறாந்தையில் இருப்பதுதான் படிப்பைக் குழப்பும். ஒரு மீனுக்காக அரை மணித்தியாலம் அழுதால் பரீட்சை போய்விடாது.

அப்பப்பா மோசம் போனால் பேரப்பிள்ளைகளைப் பந்தம் பிடிக்க நிறுத்துகிற ஊர் இது. சாவைப் பிள்ளை பார்க்கவேண்டும், அதில் அவனுக்கும் ஒரு கடமை இருக்கிறது என்று எங்கள் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீங்களோ ஒரு கப்பி செத்ததைக்கூடப் பிள்ளைக்குச் சொல்லமாட்டேன் என்கிறீர்கள். பரீட்சை வரும் வரை என்றுதான் சொல்வீர்கள். இந்தப் பரீட்சை முடிந்தால் சாதாரண தரம் வரும், பிறகு உயர் தரம் வரும். எந்த வயதில் அவனுக்கு உண்மை சொல்லத் தொடங்குவதாக இருக்கிறீர்கள்?

இன்னொன்று. மீன்கள் ஏன் சாகின்றன என்று என்னிடம் கேட்கிறீர்கள். எந்த நாளில் செத்தன? சாக முதல் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினவா? செவுள் சிவந்திருந்ததா? உடம்பில் உப்புத் தூவினது போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தனவா? கடிதத்தில் இவை ஒன்றும் இல்லை. இதையெல்லாம் கவனித்துச் சொல்லக்கூடிய ஒருவன் உங்கள் வீட்டிலேயே இருக்கிறான். அவனிடம் இருந்துதான் நீங்கள் செத்த மீனை ஒளிக்கிறீர்கள்.

இருந்தாலும் நீங்கள் எழுதியதில் இருந்தே பெரும்பகுதி விளங்குகிறது. மீனின் கழிவிலும் மிஞ்சிய சாப்பாட்டிலும் இருந்து அமோனியா வரும். அது மீனுக்கு நஞ்சு. பில்டர் ஸ்பொஞ்சிலும் கல்லிலும் குடியேறும் பற்றீரியாக்கள் அந்த அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும், பிறகு பெரிதாகத் தீங்கில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் கல்லையும் பில்டரையும் தேய்த்துக் கழுவி அவற்றை அழித்துவிடுகிறீர்கள். ஆகவே உங்கள் தொட்டி எப்போதும் முதல் கிழமையிலேயே நிற்கிறது. ஞாயிறு பளிச்சென்று இருக்கும் தண்ணீரில் புதன், வியாழன் அளவில் அமோனியா ஏறிவிடும். செத்த மீனுக்குப் பதிலாக உடனே இன்னொன்றை விடும்போது கழிவும் குறையாது. கடைத் தொட்டியில் இருக்கும் வெள்ளைப் புள்ளி நோயும் கூடவே வரலாம். அவன் அறியாமல் இருக்க நீங்கள் செய்யும் வேலையே மீனைக் கொல்கிறது.

கிணற்றின் மேல் பழி போடாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லில் தேங்குவது, கடினமானது, பெரும்பாலும் காரத்தன்மையானது. கப்பிக்கும் மொலி மீனுக்கும் அது நன்றாகவே ஒத்துக்கொள்ளும். ஒரு கவனம் மட்டும் வேண்டும்: தண்ணீரில் காரமும் சூடும் கூடக் கூட அமோனியாவின் நஞ்சும் கூடும். மற்ற இடங்களில் தப்பும் பிழை இங்கே தப்பாது. இறைத்த கையோடு தண்ணீரை ஊற்றுவதும் பிழை. நிலத்தடியில் இருந்து வரும் நீரில் ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டு கூட. ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் அந்த நாட்களில் அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்கவே வேண்டாம். தோட்டத்து உரத்தாலும் மலக்குழிகளாலும் உங்கள் பக்கத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருக்கலாம். மீன் அதை ஓரளவு தாங்கும். வீட்டில் கைக்குழந்தை இருந்து, அதற்கு அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைப்பதென்றால் பரிசோதிக்காமல் செய்யாதீர்கள். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது.

இந்தச் சனிக்கிழமை பின்னேரம், ரியூசன் இல்லாத நேரமாகப் பார்த்து, மகனைத் தொட்டிக்கு முன்னால் இருத்தி உண்மையைச் சொல்லுங்கள். "மீன்கள் செத்தன, நான் மாற்றிவைத்தேன், உனக்குச் சொல்லியிருக்கவேணும்" என்றால் போதும். அவன் கோபிப்பான். கோபிக்க விடுங்கள். "உன்ர படிப்புக்காகத்தான்" என்று மட்டும் சேர்க்காதீர்கள், பழியை அவன் தலையில் வைத்தது போலாகும்.

பிறகு தொட்டி அவனுடைய பொறுப்பு. நீங்கள் வாளி தூக்கிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். இரண்டடித் தொட்டியில் கல்லும் போட்டால் ஏறத்தாழ 45 லீற்றர் தண்ணீர்தான் நிற்கும். ஆறு தங்கமீனுக்கு அது காணவே காணாது. அவை பெரிதாக வளரும், கழிவும் அதிகம், எங்கள் வெக்கையில் தண்ணீரில் ஒட்சிசனும் குறைவு. பெரிய சீமெந்துத் தொட்டி இருக்கும் ஒருவருக்கு அவற்றைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு வருவதும் மகன்தான். கப்பி மட்டும் இருக்கட்டும். எயார் பம்ப் இரவும் பகலும் ஓடவேண்டும். சத்தமென்று இரவில் நிற்பாட்டக்கூடாது. கரண்ட் நின்றால் ஒரு கோப்பையால் தொட்டித் தண்ணீரையே அள்ளிச் சற்று உயரத்தில் இருந்து ஊற்றச் சொல்லுங்கள்.

முதல் ஆறு கிழமைக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை 10 லீற்றர் மாற்றவேண்டும், அதன் பிறகு கிழமைக்கு ஒருமுறை போதும். மெல்லிய ரியூப்பால் அடியில் கிடக்கும் ஊத்தையோடு சேர்த்து இழுத்து வாளியில் விடவேண்டும். ஸ்பொஞ் அடைத்திருந்தால் அந்த வாளித் தண்ணீரிலேயே இரண்டு தரம் பிழிந்தால் சரி. சவர்க்காரம் கிட்டவும் வரக்கூடாது. சாப்பாடு நாளுக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. அவன் ரியூசன் போன பிறகு பாவம் பார்த்து இன்னொரு நுள்ளு போடுகிறவர் வீட்டில் யாராவது இருந்தால் மீன் சாப்பாட்டு டப்பாவை மகனுடைய புத்தகப் பைக்குள் வையுங்கள்.

ஒரு கொப்பி கொடுங்கள். தண்ணீர் மாற்றிய நாள், மீன் செத்த நாள், அது எப்படி இருந்தது என்று அவனே எழுதட்டும். செத்த மீனை அவனே வலையால் எடுத்து, பார்த்து, கறிவேப்பிலை மரத்தடியில் புதைக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், அவன் கேட்டால் பதில் சொல்லுங்கள்.

தொட்டியைக் கொடுப்பதா என்று நீங்கள் தனியே முடிவெடுக்கவேண்டாம். அது அவனுக்கு மாமா கொடுத்தது. ஆறு கிழமை கழித்து அவனிடம் கேளுங்கள். அதுவரை புது மீன் ஒன்றும் வாங்கக்கூடாது. பிறகு வாங்கினாலும் இரண்டு கிழமை வேறு வாளியில், வேறு வலையோடு வைத்திருந்துதான் தொட்டிக்குள் விடவேண்டும். கடைக்கும் அவனையே கூட்டிக்கொண்டு போங்கள்.