அமெரிக்காவில் 300 டாலரை ஒட்டி நல்ல அரைத் தானியங்கி .22 ரைபிள் எது?

கேள்வி: கிரீன் கார்டில் டெக்சாஸில் இருக்கிறேன். வார இறுதியில் ரேஞ்சில் பேப்பர் டார்கெட் சுட ஒரு அரைத் தானியங்கி .22 வேண்டும். சுமார் 300 டாலர்தான் ஒதுக்க முடியும். எதை வாங்கலாம்?

பதில்:

முதலில் மேகசினை (தோட்டா நிரப்பும் பாகத்தை) பாருங்கள், துப்பாக்கியை அப்புறம் பார்க்கலாம். பொண்ணைப் பார்க்காமல் மாமியாரைப் பார்க்கச் சொல்வது போலத்தான் இருக்கும். ஆனால் இந்த ரகத்தில் மக்கர் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

காரணம் தோட்டாவின் விளிம்பு. .22 எல்ஆர் 1887-இல் வந்த தோட்டா. பற்றவைக்கும் மருந்து அடிப்பக்கம் துருத்தி நிற்கும் அந்த விளிம்புக்குள்தான் இருக்கிறது, அதனால்தான் ரிம்ஃபயர் என்ற பெயர். விளிம்புள்ள தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பின்னால் மாட்டிக்கொள்ளும். போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ள முன்பின் ஓடும் உலோகப் பாகம்) முன்னே தள்ளும்போது மேல் தோட்டா நகராமல் நின்றுவிடும்.

ரூகர் 10/22 (1964 முதல் வருகிறது) இந்தத் தொல்லையை ஒதுக்கிய விதம் அழகு. மேகசினுக்குள் பல்சக்கரம் மாதிரி ஒரு ரோட்டர் சுழலும். பத்துத் தோட்டாவுக்கும் தனித்தனிப் பள்ளம், விளிம்போடு விளிம்பு உரச வழியில்லை. கூடுதல் மேகசின் எந்தக் கடையிலும் 20 டாலரை ஒட்டிக் கிடைக்கும். சாதாரண கார்பைன் மாடல் 300-ஐ ஒட்டியோ கொஞ்சம் கூடவோ இருக்கும். கூட 30 டாலர் போனாலும் பரவாயில்லை என்றால் இதையே வாங்குங்கள். குறை இல்லாமல் இல்லை: ட்ரிகர் கனம், கடைசித் தோட்டா போனபின் போல்ட் தானாகத் திறந்து நிற்காது, ‘க்ளிக்’ என்று காலிச் சத்தம் கேட்ட பிறகுதான் தெரியும்.

300-க்குள்ளேயே முடிக்க வேண்டுமென்றால் சாவேஜ் 64, அதைவிட மலிவாக பிரேசிலில் தயாராகும் ரோஸி ஆர்எஸ்22. இரண்டும் பேப்பரில் ஓட்டை போடப் போதுமான துல்லியம் உள்ளவை. ஆனால் இரண்டிலும் பத்துத் தோட்டா பெட்டி மேகசின். நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். அவசரத்தில் அழுத்தினால் நாலாவது ஐந்தாவது தோட்டாவில் மாட்டும். துப்பாக்கி வாங்கும்போதே இரண்டு மேகசின் கூட வாங்கிவிடுங்கள். மேகசின் சிக்கலா, துப்பாக்கி சிக்கலா என்று பிரித்துப் பார்க்க அதைவிட எளிய வழி இல்லை.

பழைய சாமான் வாங்கத் தயங்காதவர்களுக்கு மார்லின் 60. 1960-இல் வந்தது, இப்போது தயாரிப்பில் இல்லை, பேரலுக்கு (சுடும் குழலுக்கு) கீழே குழாய் மேகசின். வாங்குமுன் ஸ்டாக்கை (தோளில் வைக்கும் கட்டையை) கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பின்பக்கம் போல்ட் வந்து மோதும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பஃபர் இருக்கும். வருடக்கணக்கில் எண்ணெய் பட்டு அது மஞ்சளாகி, விரிசல் விட்டு, பொடிப்பொடியாக உதிரும். அந்தத் துண்டுகள் ட்ரிகர் பாகத்துக்குள் விழுந்து கெடுக்கும். மாற்றுப் பாகம் சில டாலர்தான், உதிர்ந்ததைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

துப்பாக்கி எதுவானாலும் அடுத்த விஷயம் தோட்டா. இவை ப்ளோபேக் முறை: போல்ட்டைப் பூட்டிவைக்க எதுவும் கிடையாது, அதன் எடையும் ஸ்பிரிங்கும்தான். காலிக்கூடு பின்னால் உதைப்பதால்தான் போல்ட் ஓடுகிறது. உதை குறைந்தால் ஓட்டமும் குறையும். ஆகவே சத்தம் குறைந்த சப்சானிக் (ஒலியைவிட மெதுவாகப் போகும்) வகையை முதலில் போடாதீர்கள். 40 கிரெய்ன் எடையுள்ள குண்டு, விநாடிக்கு 1,200 அடிக்கு மேல் போகும் வகை சரி. சிசிஐ நிறுவனத்தின் மினி-மேக் தோட்டா (1,235 அடி) கொஞ்சம் விலை கூட, ஆனால் புதுத் துப்பாக்கியின் குறையைச் சோதிக்க அதுவே அளவுகோல். மினி-மேக் ஓடி, மலிவு மொத்தப் பெட்டி ஓடவில்லை என்றால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், பெட்டியை மாற்றுங்கள். நாலு வகையில் ஐம்பது ஐம்பது வாங்கி 50 கெஜத்தில் சுட்டுப் பாருங்கள். வகை மாற்றும்போது முதல் பத்துத் தோட்டாவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், பேரலுக்குள் பழைய மெழுகு மாறவேண்டும்.

சிக்கல் வந்தால் முதலில் கண்ணால் பாருங்கள். காலிக்கூடு வெளியேறும் வாயில் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக நின்றால்: உதை போதவில்லை, அல்லது போல்ட் தடத்தில் அழுக்கு, அல்லது காலிக்கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்தில் கரி. வெடிக்காத தோட்டாவா? துப்பாக்கி முனையை டார்கெட் பக்கமே வைத்து முப்பது விநாடி பொறுத்து எடுங்கள். விளிம்பில் ஃபயரிங் பின் பதிந்த தடம் ஆழமாக இருந்தால் குறை தோட்டாவில், அந்த இடத்தில் மருந்து பரவியிருக்காது. லேசான கீறல் மட்டுமென்றால் போல்ட்டுக்குள் அழுக்கு. வெடிச் சத்தம் சப்பென்று இருந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம்.

10/22-ஐச் சுத்தம் செய்யக் கழற்றுவது சுலபம், இரண்டு இடத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள். மேகசினை எடுத்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலிதானா என்று விரல் விட்டும் பார்த்த பிறகு, பேரல் பட்டை ஸ்க்ரூவையும் ஸ்டாக் ஸ்க்ரூவையும் தளர்த்துங்கள். சேஃப்டி பொத்தானை இரண்டு பக்கமும் சமமாக நடுவில் நிறுத்தினால்தான் ஸ்டாக்கிலிருந்து வெளியே வரும். வராத கோபத்தில் இழுத்து மரத்தைச் சிராய்த்தவர்கள் நிறைய. இரண்டு குறுக்குப் பின்களைத் தள்ளினால் ட்ரிகர் பகுதி கழன்று வரும். போல்ட்டை நிறுத்தும் இன்னொரு பின் தளர்வாக இருக்கும், கவிழ்த்தால் உருண்டு சோபாவுக்குக் கீழே போகும். கீழே துண்டு விரித்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது சுத்தியலை (ஹேமர்) பின்னால் இழுத்துக் காக் செய்து வைத்திருந்தால்தான் ட்ரிகர் பகுதி உள்ளே உட்காரும். எண்ணெய் ஒரு சொட்டு போதும், கூடினால் கரியும் மெழுகும் சேர்ந்து சேறாகிவிடும். பின்பக்கமிருந்து கம்பி விட வழியில்லாத அமைப்பு என்பதால் முனைப் பக்கத்திலிருந்து ராட் விடுவதைவிட பின்னாலிருந்து முன்னால் இழுக்கும் துணிக்கயிறு நல்லது, முனை தேயாது.

ஸ்கோப் போடுவதானால் ரிம்ஃபயருக்கென்று 50 கெஜத்துக்கு பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறி நகர்வது போலத் தெரியும் பிழை) சரிசெய்து வைத்ததை வாங்குங்கள். பொதுவாக மற்ற ஸ்கோப்புகள் 100 கெஜத்துக்கானவை.

கடையில் துப்பாக்கி வாங்குவதற்கான கூட்டாட்சி அரசின் படிவம் 4473 நிரப்ப வேண்டும், கிரீன் கார்டு எண்ணும் இப்போதைய முகவரியுள்ள மாநில அடையாள அட்டையும் தேவை. இதைப் படிக்கும் எச்-1பி, எஃப்-1 விசாக்காரர்கள் கவனிக்க: செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் இல்லாவிட்டால், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயரும் எண்ணமிருந்தால், அங்கே 2018 வாக்கெடுப்புக்குப் பின் இந்தச் சின்ன .22 அரைத் தானியங்கி வாங்கவும் 21 வயதும் பயிற்சிச் சான்றும் கேட்கிறார்கள்.