ஜியோமெட்ரி பாக்ஸில் ரப்பரும் ஸ்கேலும் ஏன் ஒட்டிக்கொள்கின்றன?

கோடை விடுமுறை முடிந்து பாக்ஸைத் திறந்தால் ரப்பர் ஸ்கேலோடு ஒட்டிக் கிடக்கிறது, பிய்த்தால் ஸ்கேலில் குழி விழுந்திருக்கிறது, ரப்பரில் ஆசிட் ஏதாவது கலக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசிட் எல்லாம் இல்லை. எண்ணெய்தான்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிவிசி பிளாஸ்டிக் கலவை (காம்பவுண்டு) தயாரிக்கும் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். மெத்தென்ற வெள்ளை ரப்பர்கள் பலவும் பிவிசிதான். பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை இளக்க டிஓபி மாதிரியான பிளாஸ்டிசைசர் எண்ணெய் சேர்க்கிறோம். தோட்டத்து ஹோஸ் என்றால் 100 கிலோ ரெசினுக்கு, அதாவது எதுவும் கலக்காத பிவிசி தூளுக்கு, 50 கிலோ அளவில்கூடப் போகும்.

அந்த எண்ணெய் உள்ளே போவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். ரெசின் தூளின் ஒவ்வொரு மணியிலும் நுண்துளைகள் உண்டு. ஆனாலும் சூடு இல்லாமல் ஊற்றினால் ஈர மணலாகச் சொதசொதவென்று கிடக்கும். மிக்ஸரில் வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பிவிசியின் மூலக்கூறுச் சங்கிலிகள் அசைந்து இடம் கொடுக்கும், டிஓபி இடுக்குகளில் புகுந்துவிடும். சில நிமிடங்களில் தூள் பொலபொலவென்று உலர்ந்து வரும். ஒரு பிடி எடுத்துப் பேப்பரில் வைத்து அழுத்துவோம். கறை படிந்தால் மிக்ஸர் இன்னும் ஓட வேண்டும். நிரப்பியாகச் சேர்க்கும் கால்சியம் பவுடர் அதற்கு அப்புறம்தான். முந்திப் போட்டால் ரெசினுக்குப் போக வேண்டிய எண்ணெயை அது குடித்துவிடும். புது ஆட்கள் திட்டு வாங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

சரி, உங்கள் ஸ்கேலுக்கு வருவோம். டிஓபி பிவிசியோடு வேதிப் பிணைப்பில் இல்லை, சங்கிலிகளுக்கு நடுவே சும்மா தங்கியிருக்கிறது. அதனால் நகரும். செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகும், சூடு ஏற ஏற வேகமாகப் போகும். கண்ணாடி மாதிரி இருக்கும் ஸ்கேல்கள் நிறைய பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். டிஓபி அதற்குள் எளிதாகக் கலந்து அதையும் இளக்கிவிடுகிறது. கத்திரி வெயில் மாதத்தில் மூடிய பாக்ஸுக்குள் இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கொலு அலங்காரத் தெர்மாகோலில் சீரியல் லைட் வயர் பதிந்து ஒட்டுவதும் இதே கதை, தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான். பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. டிஓபிக்கும் அதற்கும் ஒத்துப்போகாது.

ரப்பரைச் சுற்றி வரும் அட்டை உறையைப் பிள்ளைகள் முதல் நாளே கழற்றி எறிந்துவிடுவார்கள். பிராண்டு பெயர் போடுவதற்கு மட்டும் வைத்ததல்ல அது, ஸ்கேலில் ரப்பர் படாமல் தடுப்பதும் அதுதான். உறை போய்விட்டால் ஒரு துண்டுக் காகிதத்தைச் சுற்றி வையுங்கள். குழி விழுந்த ஸ்கேலுக்கு வைத்தியம் கிடையாது. அடுத்தது ஸ்டீலில் வாங்கிவிடுங்கள், அதற்குள் டிஓபி போகாது.