சைக்கிள் ஓட்டினால் பையன் திருந்துவானா? – கேள்வி பதில்

தடம் மாறிய பிள்ளைகளையும் மற்றவர்களையும் சேர்த்து ஞாயிறு காலையில் சைக்கிள் ஓட்டும் குழு ஒன்றை நடத்தி வருகிறேன். இதையொட்டி வந்த கேள்விகளும் என் பதில்களும்:

எங்கள் பகுதியில் அடிதடி, கஞ்சா என்று சுற்றும் ஏழெட்டுப் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களை வைத்து ஒரு குழு தொடங்கலாமா? (சமூகப் பணியாளர், மதுரை)

தொடங்குங்கள். ஆனால் அவர்களை மட்டும் வைத்துத் தொடங்காதீர்கள். அமெரிக்காவில் 1939-இல் பையன்கள் தடம் மாறாமல் தடுக்க, கேம்பிரிட்ஜ்-சாமர்வில் என்று ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. பையன்களுக்கு ஆலோசகர், படிப்புக்கு உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பார்த்தால், உதவி பெறாதவர்களைவிடப் பெற்றவர்கள் நிலைமை மோசம்! அதிலும் முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போனவர்கள்தான் அதிகம் கெட்டிருந்தார்கள். ஒருவன் தன் வீரப்பிரதாபத்தை அளப்பான், மற்றவன் சிரித்து ஏற்றிவிடுவான். காரணம் அதுதான் என்று அவர் கருதினார்.

எனவே எல்லா வகை ஆட்களையும் கலந்து சேர்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரில் இப்படிப்பட்டவர்கள் இரண்டு மூன்று பேர் போதும். மீதி ஆட்கள் கல்லூரி மாணவி, ரிட்டயர்டு பேங்க் ஊழியர், டீக்கடை மாஸ்டர் என்று யாராகவும் இருக்கலாம். 2009 ஜூனில் பிரான்சில் ஏறக்குறைய 200 கைதிகளைச் சிறைக்கு வெளியே கூட்டிவந்து 2,300 கிலோமீட்டர் ஓட்ட வைத்தார்கள். லீல் நகரில் தொடங்கிப் பாரிஸில் முடித்தார்கள். காவலர்களும் கூடவே சைக்கிள் மிதித்தார்கள். யாருக்கும் முதலிடம், இரண்டாமிடம், பரிசு என்று எதுவும் கிடையாது, தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடவும் கூடாது. எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

என் மகனுக்குப் பதினாறு வயது. எதிரே உட்கார்ந்தால் வாயே திறப்பதில்லை. இது உதவுமா? (ஒரு அம்மா, சேலம்)

பக்கத்தில் ஓட்டும்போது முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை, அதனால் பேச்சு தானாக வரும், அம்மா. வராவிட்டாலும் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் 'என்ன பேசினே?' என்று மட்டும் துருவாதீர்கள். தூக்கமில்லை, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான் என்றால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். சைக்கிள் அதற்கு மாற்று இல்லை.

யாரை எங்கே ஓட்ட விடுவது? எவ்வளவு வேகம்? (உடற்கல்வி ஆசிரியர், விருதுநகர்)

கடைசி ஆளின் வேகம்தான் குழுவின் வேகம். இதை வளைக்கவே வளைக்காதீர்கள். புதியவன் நடுவில் வரட்டும், முன்னால் போகும் சைக்கிளுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி இருக்கட்டும். சாலையில் குழி வந்தால் முன்னால் போகிறவர் கையால் காட்டி 'குழி!' என்று கத்த வேண்டும். அடுத்தவர் அதைப் பின்னால் கடத்த வேண்டும். ஒருவர் சும்மா இருந்தாலும் பின்னால் வருகிறவர் விழுவார். வகுப்பில் எதையும் காதில் வாங்காத பையன்கூட இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறான்.

இன்னொன்று, காற்று. மெதுவாகப் போகும்போது பெரிதாகத் தெரியாது. வேகமாகப் போகும்போது ஒருவர் பின்னால் போனால் அவர் காற்றைத் தடுப்பதால் உழைப்பு நன்றாகவே மிச்சம். எதிர்க்காற்று அடிக்கும் நாளில் முன்னால் இருப்பவரை நேரம் பார்த்து மாற்றுங்கள். தன் முறை வந்ததும் முன்னால் போய்க் காற்றின் அடியை வாங்கிக்கொண்டு மிதிப்பவனைக் கவனித்து வையுங்கள். சில வாரம் கழித்துக் குழுவுக்குக் கடைசியில் யாரையும் விட்டுவிடாமல் கூட்டிவரும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள்.

சைக்கிளுக்கு எங்கே போவது? (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள் பல வீடுகளில் துருப்பிடித்துக் கிடக்கிறது, தம்பி. போஸ்டனில் 'பைக்ஸ் நாட் பாம்ஸ்' என்ற அமைப்பில் பழைய சைக்கிளைப் பிள்ளையே பழுது பார்த்து முடித்தால் அது அவனுக்குச் சொந்தம். அதையே செய்யுங்கள். முதல் பாடம் பஞ்சர். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, சொல்யூஷன் தடவி அது காயும்வரை காத்திருப்பது. அந்தக் காத்திருப்புதான் அவர்களுக்குக் கஷ்டம், ஈரத்திலேயே ஒட்டிவிட்டு மறுபடி பிய்ப்பார்கள். டயருக்குள் விரல் விட்டுக் கருவேல முள் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள், இல்லையென்றால் அரை மணியில் அடுத்த பஞ்சர்.

வழக்கு உள்ள சிறுவனைச் சேர்க்கலாமா? குரூப் போட்டோ போடலாமா? (வழக்கறிஞர், கோவை)

சேர்க்கலாம், நன்னடத்தை அலுவலரிடம் பேசிவிட்டு. போட்டோ கூடவே கூடாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அவன் அடையாளத்தை வெளியிடத் தடை செய்கிறது. ஸ்டேட்டஸ் வைக்கும் ஆர்வக்கோளாறு பெரியவர்களுக்குத்தான் அதிகம், அவர்களை முதலில் எச்சரியுங்கள்.

சைக்கிளைக் கொடுத்தோம். ஒரு பையன் வருவதை நிறுத்திவிட்டான். திரும்ப வாங்கிவிடலாமா? (குழு அமைப்பாளர், திருநெல்வேலி)

வாங்காதீர்கள். யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய் அடுத்த ஞாயிறு எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். எப்போதும் போகிற ஆளே போனால் நல்லது. சைக்கிளை விற்றுவிட்டான் என்று தெரிந்தால், திரும்பி வரும்போது இன்னொரு ஓட்டை வண்டியைக் கொடுத்துப் பஞ்சரிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.