மெல்லிய ஷூ, மலைப்பாதை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓட்டம் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளை விடாமல் வாசிப்பவன். வயது 41, கோவையில் மென்பொருள் வேலை. சில ஆண்டுகளாகச் சாலையில் ஓடுகிறேன். முழங்கால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது. தடித்த குஷன் ஷூதான் காரணம் என்கிறார் நண்பர். மெல்லிய அடிப்பாகம் கொண்ட மினிமலிஸ்ட் ஷூவுக்கு மாறி, மருதமலை அடிவாரத்து மண்பாதைகளில் விடிவதற்கு முன் ஓடலாம் என்றிருக்கிறேன். என் தாத்தா ஆயுசுக்கும் செருப்பில்லாமல் ஆடு மேய்த்தவர். எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு ஒலிம்பிக் மாரத்தான் வென்றார். நம் கால்களுக்கு இது இயல்பானதுதானே? மூன்று மாதத்தில் ஒரு 30 கி.மீ. மலை ஓட்டம் வருகிறது, பெயர் கொடுத்துவிட்டேன். அதற்குள் பழகிவிடுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: பழகாது. அந்த 30 கிலோமீட்டரைப் பழைய ஷூவிலேயே ஓடுங்கள்.

பிக்கிலா 1960இல் ரோமில் வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றது உண்மை. எல்லோரும் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடியும் அவரேதான் வென்றார். அந்தக் கால்களுக்கு இரண்டுமே ஒத்துவந்தன. உங்கள் தாத்தாவின் கால்களும் அப்படித்தான். நடை பழகிய நாளிலிருந்து வெறும் தரையில் வளர்ந்த பாதம் அது. அதோடு, அவர் நடந்தார். ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் 15 கி.மீ. ஓடவில்லை. தாத்தாவிடமிருந்து காடு கரை வரலாம், பாதம் வராது.

உங்கள் நண்பர் சொல்வதில் விஷயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு 2010இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரைதான் இந்தப் பேச்சுக்கு அறிவியல் பலம் தந்தது. வெறுங்காலில் ஓடியே பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றுகிறார்கள், குதிகால் தரையில் மோதும்போது வரும் திடீர் அதிர்ச்சி அவர்களிடம் இல்லை என்று அது காட்டியது. காயம் குறையும் என்று அது நிரூபிக்கவில்லை. முன்பாதம் ஊன்றி ஓடினால் முழங்காலுக்குப் பாரம் குறையும், சரி. குறைந்த பாரம் காணாமல் போய்விடாது. கெண்டைக்காலுக்கும், குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாணுக்கும், முன்பாதத்து நீள எலும்புகளுக்கும் போய்ச் சேரும். நீங்கள் கடனை அடைக்கவில்லை, ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றுகிறீர்கள்.

தசை சில வாரங்களில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் நிதானமாகத்தான் வழிக்கு வரும். மூச்சு வாங்கவில்லை, தொடை வலிக்கவில்லை, இன்னும் இரண்டு கிலோமீட்டர் போகலாமே என்று தோன்றும் இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2013இல் வெளியான பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வில், அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் 19 பேரை, கையுறை போல ஒவ்வொரு விரலுக்கும் தனி இடம் கொண்ட மெல்லிய ‘ஐந்து விரல்’ ஷூவுக்குப் படிப்படியாக மாற்றினார்கள். பத்தே வாரத்தில் அவர்களில் 10 பேருக்குப் பாத எலும்பு மஜ்ஜையில் வீக்கம் கூடியிருந்தது எம்ஆர்ஐயில் தெரிந்தது. அந்த ஷூவைத் தயாரித்த விப்ரம் நிறுவனம், பாதத்தைப் பலப்படுத்தும் என்ற விளம்பரத்துக்காக வழக்கைச் சந்தித்து, தவறை ஒப்புக்கொள்ளாமலே 2014இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

அப்புறம், கடையில் ‘ஜீரோ டிராப்’ என்று சொல்லித் தருவதெல்லாம் மெல்லிய ஷூ அல்ல. குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கின்றன என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். ஆல்ட்ரா லோன் பீக் என்ற ஷூ ஜீரோ டிராப்தான், ஆனால் காலுக்கடியில் சுமார் 25 மி.மீ. தடிமன் இருக்கிறது. விரல் விரிய இடம், தட்டையான அடி, கொஞ்சம் குஷன் என்ற இந்த நடுவழியே உங்களுக்குப் போதும் என்பது என் எண்ணம். நம் பக்கத்து மண்பாதைக்கு இன்னொரு காரணமும் உண்டு: சீமைக்கருவேல முள். நாலு மி.மீ. ரப்பரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இல்லை, மெல்லியதுதான் வேண்டும் என்றால், போட்டி முடியட்டும். முதலில் அதைப் போட்டுக்கொண்டு சில வாரம் நடங்கள், மாடிப்படி ஏறுங்கள். பிறகு வழக்கமான ஓட்டம் ஒன்றின் கடைசியில் ஷூவை மாற்றி ஒரே ஒரு கிலோமீட்டர், கல் இல்லாத சமதரையில். அடுத்த நாள் அதில் ஓட வேண்டாம். எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். முன்பாதம் பட்டதும் குதிகாலும் தரையைத் தொடட்டும். குதிகாலைத் தூக்கியபடியே ஓடிக் கெண்டைக்காலைக் கெடுத்துக்கொள்பவர்களை நிறையப் பார்க்கிறேன். கெண்டைக்கால் முழுக்கப் பரவலாக வலித்தால் பயமில்லை. பாதத்தின் மேற்புறத்தில் விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தால், எலும்பில் கீறல் விழும் அறிகுறியாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கல் நிறைந்த இறக்கத்தை எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தில் கூர்க்கல் ஒன்றை மிதித்தால் பல நாள் நொண்ட வேண்டியிருக்கும்.

முழங்கால் வலி ஏன் வருகிறது என்று யாரிடமாவது காட்டினீர்களா? கடிதத்தில் இல்லை. ஷூ வாங்கும் காசில் ஒரு பகுதியை முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டுக்குக் கொடுங்கள்.

மருதமலை அடிவாரம் யானைகள் நடமாடும் இடம். விடிவதற்கு முன் அங்கே எந்த ஷூவிலும் ஓட வேண்டாம். நன்றாக வெளுத்த பிறகு, துணையோடு போங்கள். காதில் பாட்டு வேண்டாம். வனத்துறை எல்லைக்குள் போகும் பாதை என்றால் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.