மெதுவும் மந்தமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு மெட்ரிக் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. ரேங்க் கார்டில் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுத வேண்டும். என் வகுப்பில் ஒரு பையன், போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதி முடிக்க மற்றவர்களைப் போல இரண்டு பங்கு நேரம் எடுத்துக்கொள்வான். எழுதியதில் பிழை இருக்காது. 'ஹீ ஈஸ் ஸ்லோ' என்று எழுதினேன். உடன் வேலை பார்க்கும் மூத்த ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, "ஸ்லோ எல்லாம் ஒண்ணாங் கிளாஸ் இங்கிலீஷ், ஸ்லக்கிஷ்னு போடுங்க" என்றார். இணையத்தில் தேடினால் டார்டி, லெஷர்லி, லெதார்ஜிக், டிலேட்டரி என்று வரிசையாக வருகிறது. அகராதியைப் பார்த்தால் பாதிக்கும் மேல் 'மெதுவான', 'மந்தமான' என்றே இருக்கிறது. இதில் எதைப் போடுவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

கார்டை இன்னும் கையில் கொடுக்கவில்லை என்றால் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்லக்கிஷ் வேண்டவே வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கிற 'ஹீ ஈஸ் ஸ்லோ'வும் வேண்டாம்.

தமிழில் எழுதியிருந்தால் உங்களுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது. ஆற அமரச் சாப்பிடுகிறவரை மந்தமானவர் என்று சொல்வோமா? வாய்தா மேல் வாய்தா வாங்குகிறவரை நிதானமானவர் என்று சொல்வோமா? வியாபாரம் மந்தமாக இருக்கிறது என்போம், சாவகாசமாக இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. வேகம் குறைவு என்பது இவை எல்லாவற்றுக்கும் பொது. ஏன் குறைந்தது, அதில் யாருக்கு என்ன குறை என்ற இடத்தில்தான் சொற்கள் பிரிகின்றன. ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஒருபொருட்சொல் பட்டியல் அந்தக் காரணங்களை எல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் சொல்லை நம் கையில் தருகிறது.

ஸ்லக்கிஷை எடுத்துக்கொள்வோம். ஸ்லக் என்றால் இன்று ஓடில்லாத நத்தை. ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் சோம்பேறி மனிதனைத்தான் குறித்தது. நத்தைக்கு அந்தப் பெயர் வந்து சுமார் 300 ஆண்டுகள்தான் ஆகின்றன. குளிர்ந்த காலையில் கிளம்ப மறுக்கிற இன்ஜின், வாங்க ஆளில்லாத சந்தை, சேறு அடைத்து நகராத ஆறு, இவை ஸ்லக்கிஷ். தலையில் அடிபட்டு வந்தவரின் கண்ணில் நர்ஸ் டார்ச் அடித்துப் பார்க்கும்போது கண்மணி சட்டென்று சுருங்காவிட்டால் ஸ்லக்கிஷ் என்று குறிப்பார். ஓட வேண்டிய ஒன்று ஓடவில்லை, உள்ளே விசை இல்லை என்பதுதான் எல்லா இடத்திலும் பொருள். ஒன்பது வயதுப் பையனைப் பற்றி இப்படி எழுதினால், அவனுக்குள் ஏதோ சரியாக வேலை செய்யவில்லை என்று பள்ளியே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

டார்டி இங்கே பொருந்தாது. அது வேகத்தைப் பற்றியதே அல்ல, வந்து சேர்ந்த நேரத்தைப் பற்றியது. நன்றாக ஓடுகிற பிள்ளையும் மணி அடித்த பிறகு உள்ளே நுழைந்தால் டார்டிதான். அமெரிக்கப் பள்ளிகளில் வருகைப் பதிவிலேயே அந்தச் சொல் உண்டு. மெதுவும் தாமதமும் எவ்வளவு எளிதாகக் கலந்துவிடுகின்றன என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 'கடிகாரம் அஞ்சு நிமிஷம் ஸ்லோ' என்கிறோம். அதன் முள் சரியான வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும், பின்தங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

லெஷர்லி எனக்குப் பிடித்த சொல். அதன் வேர் 'அனுமதி இருக்கிறது' என்று பொருள்படும் லத்தீன் வினை. லைசென்ஸும் அதே வேரிலிருந்து வந்ததுதான். மெதுவாக இருக்க உரிமை உள்ளவரின் மெது அது. நம் சாவகாசத்துக்குள் அவகாசம் இருக்கிறது பாருங்கள், அதேபோல. ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சாப்பாடு லெஷர்லி. மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டுமே என்று நோட்டும் கையுமாக இருக்கிற பையனுக்கு ஏது அவகாசம்?

டிலேட்டரி கோர்ட்டுச் சொல். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறவர்களுக்கு. அதை விட்டுவிடுவோம்.

லெதார்ஜிக் விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். நம் ஆட்கள் 'இன்னிக்கு ஒரே லெதார்ஜிக்கா இருக்கு' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். மறதிக்கான கிரேக்கச் சொல்லும் வேலையற்றிருப்பதற்கான சொல்லும் சேர்ந்து பிறந்த சொல் அது. கிரேக்கப் புராணத்தில் பாதாளத்தில் ஓடுகிற லீதி ஆற்றின் நீரைக் குடித்தவருக்கு எல்லாம் மறந்துபோகும். அந்த ஆற்றின் பெயரும் இந்த மறதிதான். வள்ளுவர், கெட்டுப்போகிறவர் விரும்பி ஏறும் கலம் என்று நான்கைச் சொல்கிறார்: நெடுநீர், மறவி, மடி, துயில். மறதியும் சோம்பலும் அங்கேயும் அடுத்தடுத்துத்தான் நிற்கின்றன. முதலில் வரும் நெடுநீர், காலம் நீட்டிப்பது, கிட்டத்தட்ட நாம் விட்டுவிட்ட டிலேட்டரி. நான்கையும் ஒரே சொல்லில் அடைக்க அவருக்கு மனம் வரவில்லை.

அது பழைய கதை. இன்றைக்கு மருத்துவத்தில் லெதார்ஜிக் என்றால் அபாயம். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து உருவாக்கிய, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான சிகிச்சை வழிகாட்டியில் நான்கு பொது அபாய அறிகுறிகள் உண்டு: குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியாமை, குடித்ததை எல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, லெதார்ஜிக்காகவோ நினைவின்றியோ இருப்பது. எழுப்பினாலும் சரியாக விழிக்காத, சுற்றி நடப்பதைக் கவனிக்காத பிள்ளையைக் குறிக்கும் சொல். முழுத் தெளிவோடு உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இது எப்படிப் பொருந்தும்?

இப்போது ஸ்லோவுக்கு வருகிறேன். சொல் சரி, நீங்கள் அதை வைத்த இடம்தான் சரியில்லை. பழைய ஆங்கிலத்தில் ஸ்லோவுக்கு அறிவு மழுங்கிய, சோம்பலான என்ற பொருள்கள் இருந்தன. வார்மிலிருந்து வார்ம்த், ட்ரூவிலிருந்து ட்ரூத் வந்ததுபோல ஸ்லோவிலிருந்து வந்ததுதான் ஸ்லாத். கிறிஸ்தவ மரபின் ஏழு பெரும் பாவங்களில் ஒன்று. அமெரிக்கக் காடுகளில் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் அந்தச் சாது விலங்குக்கும் ஐரோப்பியர்கள் இந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். காருக்கும் ரயிலுக்கும் சொல்லும்போது ஸ்லோவில் அந்தப் பழைய பொருள் எட்டிப்பார்ப்பதில்லை. ஆளைச் சொல்லும்போது எட்டிப்பார்க்கிறது. 'ஹீ ஈஸ் ஸ்லோ' என்றால் ஆங்கிலம் நன்கு தெரிந்தவர், பையனுக்குப் புத்தி மட்டு என்றே படிப்பார். 'ஹீ ரைட்ஸ் ஸ்லோலி' என்றால் எழுதுவது மெதுவாக நடக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஸ்லோ லேர்னர் என்று எழுதிவிடவும் வேண்டாம். நம் அரசுப் பள்ளிகளில் அதை 'மெல்லக் கற்போர்' என்று சொல்கிறார்கள், நல்ல தமிழ், பரிவும் இருக்கிறது. ஆனால் இவன் மெல்ல எழுதுகிறான், மெல்லக் கற்கிறான் என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லையே.

நிதானம் என்ற பொருளில் டெலிபரேட் என்றொரு சொல் உண்டு. தராசில் நிறுத்துப் பார்ப்பது என்ற பொருளிலிருந்து வந்தது. இவனுக்கு அழகாகப் பொருந்தும். ஆனாலும் போடாதீர்கள். அதற்கு 'வேண்டுமென்றே' என்றும் பொருள் இருக்கிறது. அப்பா அதைப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால் பையனுக்கு அடிதான் விழும். கேர்ஃபுல் என்றால் எல்லோருக்கும் புரியும். ஜூனில் இருந்ததைவிட இப்போது கொஞ்சம் வேகம் கூடியிருந்தால் கிராஜுவல் என்று ஒரு வார்த்தை சேருங்கள். கிராஜுவலுக்குள் லத்தீனில் படி இருக்கிறது, நம் படிப்படியாகவைப் போலவே. ஸ்லோ இம்ப்ரூவ்மென்ட் என்றால் போதவில்லை என்ற குறை கேட்கும், கிராஜுவலில் கேட்காது.

எழுத வேண்டிய வரி இதுதான்: 'ஹீ ரைட்ஸ் ஸ்லோலி அண்ட் கேர்ஃபுலி, அண்ட் மேக்ஸ் வெரி ஃப்யூ மிஸ்டேக்ஸ்.' ஒண்ணாங் கிளாஸ் இங்கிலீஷாகவே இருக்கட்டும், பெற்றோருக்குப் புரிய வேண்டும்.

அதற்கு முன்னால் அந்த ஒரு வாரத்தில் ஒன்று செய்யுங்கள். போர்டைப் பார்த்து எழுதும்போது மெதுவாக இருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். டிக்டேஷனிலும் அப்படித்தானா? அவன் எந்த பெஞ்சில் உட்காருகிறான்? முதல் பெஞ்சுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து முடித்துவிட்டான் என்றால் கார்டில் எழுத வேண்டியது வேறு. கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லி அம்மா அப்பாவிடம் நேரில், தமிழிலேயே சொல்லுங்கள்.