“மிஸ்ஸைக் கேக்கல, கோச்சைக் கேக்கறேன்”

அன்புள்ள ஐயா,

கொரின் டியாக்ர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பிரான்ஸ் பெண்கள் அணியின் கேப்டனாக இருந்தவர், 2014இல் அந்த நாட்டின் கிளெர்மோன் கிளப்பின் ஆண்கள் அணிக்குக் கோச் ஆனார், மூன்று சீசன் நின்று காட்டினார் என்று எழுதியிருந்தீர்கள். நானும் கல்லூரிக் காலத்தில் மாநில அளவில் ஆடியவள். இப்போது ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எட்டு வருடமாகப் பையன்களின் கால்பந்து அணிக்கு நான்தான் கோச். காலையில் கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போடுவதிலிருந்து, மேட்சில் யாரை எப்போது இறக்குவது என்பது வரை என் பொறுப்பு.

போன மாதம் ஒரு போட்டியில் டீம் லிஸ்ட் கொடுக்கப் போனேன். மேசையில் உட்கார்ந்திருந்தவர் என் கையிலிருந்த தாளைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற பிளஸ் டூ பையனிடம், “தம்பி, உங்க கோச் வரலையா?” என்றார். பையன் என்னைக் கைகாட்டினான். “இல்லப்பா, மிஸ்ஸைக் கேக்கல, கோச்சைக் கேக்கறேன்” என்றார்.

உங்கள் கட்டுரையில் இரண்டு இடங்கள் உறுத்தின. “ஆண்கள் அணியிலேயே தன்னை நிரூபித்தவர்” என்கிறீர்கள். நாட்டுக்காக 121 ஆட்டம் ஆடியது நிரூபணம் ஆகாதா? அடுத்தது, அதே டியாக்ர் பிறகு பிரான்ஸ் பெண்கள் அணிக்குக் கோச்சாகி, சொந்த வீராங்கனைகளே எதிர்த்ததால் 2023இல் பதவி இழந்தார். அதை ஏன் எழுதவில்லை?

அடுத்த மாதம் எங்களுக்கு மண்டலப் போட்டி. “வீண் பேச்சு எதுக்கு, யாராவது ஒரு சாரை முன்னால நிறுத்திக்கலாமே” என்கிறார் தலைமையாசிரியர். நல்ல மனிதர், நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்?

வி.

அன்புள்ள வி.,

“ஆண்கள் அணியிலேயே.” அந்த ஏகாரம் தப்பு. பெண்கள் கால்பந்து கீழ்ப்படி, ஆண்கள் கால்பந்து மேல்படி என்ற எண்ணம் அந்த ஓரெழுத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. எழுதியபோது எனக்கு அது தெரியவில்லை. நீங்கள் சொன்ன பிறகு எடுத்துப் படித்தால் அது மட்டும்தான் கண்ணில் படுகிறது. எடுத்துவிட்டேன்.

2021இல் இங்கிலாந்திலும் இதே பேச்சு வந்தது. செல்சி பெண்கள் அணியின் கோச் எம்மா ஹேய்ஸை, ஆண்கள் கால்பந்தின் மூன்றாம் பிரிவில் இருந்த விம்பிள்டன் கிளப்போடு இணைத்துப் பத்திரிகைகள் எழுதின. அவர் கையில் இருந்ததோ ஐரோப்பாவின் மிகப் பெரிய பெண்கள் அணிகளில் ஒன்று. அதை விட்டு மூன்றாம் பிரிவுக்குப் போவதை முன்னேற்றம் என்று பேசுவது என் வீராங்கனைகளுக்கு அவமானம் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அதை அன்றே படித்தவன் நான். படித்தும் அந்த ஏகாரத்தை எழுதியிருக்கிறேன்.

இப்போது டியாக்ருக்கு வருகிறேன். 2002இல் சான்-எத்தியேன் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் அடித்த கோல்தான் பிரான்ஸ் பெண்கள் அணியை முதன்முதலாக உலகக் கோப்பைக்குக் கொண்டுபோனது. டிஃபென்டர். சுவாயோ என்ற சிறிய கிளப்பில் மட்டுமே ஆடி முடித்தவர். பிறகு அதே கிளப்புக்குக் கோச். பல வருடம் தேசிய அணிக்குத் துணைக் கோச். பிரான்ஸில் தொழில்முறைக் கிளப்புக்குத் தலைமைக் கோச் ஆக வேண்டுமானால் வாங்கவேண்டிய மிக உயர்ந்த பட்டயத்தை 2014இல் வாங்கினார். அதை வாங்கிய முதல் பெண் அவர். இவ்வளவும் முடித்த பிறகு கிடைத்தது இரண்டாம் பிரிவில், பணம் அதிகம் இல்லாத ஒரு கிளப்.

ஆண்ட்ரியா பிர்லோவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இத்தாலியின் மகத்தான மிட்ஃபீல்டர், எனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர். 2020 ஜூலை கடைசியில் யுவென்டஸ் கிளப்பின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கோச்சாக அறிவிக்கப்பட்டார். அந்த அணி ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்குள், பத்து நாள் ஆகும் முன்பே, தலைமை அணிக்கே கோச் ஆக்கிவிட்டார்கள். ஆடிய காலத்துப் பெயர் அவருக்கு முதலாக நின்றது. டியாக்ரின் 121 ஆட்டம் அப்படி நிற்கவில்லை. வேலை கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அந்த ஆட்டங்களைப் பார்த்திருப்பார்கள்? “ஆண்கள் மட்டத்தில் ஆடாதவருக்கு அந்த வேகம் எப்படிப் புரியும்” என்று கேட்பவர்கள், தொழில்முறையில் ஆடாமலே ஏசி மிலானை இரண்டு முறை ஐரோப்பியச் சாம்பியன் ஆக்கிய அரிகோ சாக்கியிடம் அதைக் கேட்பதில்லை.

கிளெர்மோன் முதலில் அழைத்தது டியாக்ரை அல்ல என்பதை என் கட்டுரையில் ஒரு வரியில் தாண்டிப் போயிருந்தேன். நிறுத்திச் சொல்லியிருக்க வேண்டிய கதை அது. 2014 மே மாதம் போர்ச்சுகலைச் சேர்ந்த எலெனா கோஸ்தாவைக் கோச்சாக அறிவித்தார்கள். உலகம் முழுக்கச் செய்தி. ஜூன் மாதமே, ஒரு ஆட்டமும் ஆடாமல், அவர் விலகினார். ஏன் என்பதைப் பிறகு அவரே சொன்னார். அவருக்குத் தெரியாமல் வீரர்களை ஒப்பந்தம் செய்தார்கள். அவரைக் கேட்காமல் பயிற்சி ஆட்டங்களுக்குத் தேதி குறித்தார்கள். அவர் அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதில் வரவில்லை. கிளப்புக்குத் தேவைப்பட்டது தன் முகம் மட்டும்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கிளப் தலைவர் குளோட் மிஷி, பெண் அல்லவா, அப்படித்தான் என்கிற பொருளில் பத்திரிகைகளிடம் பேசினார்.

இந்தக் கதையில் என்னை உலுக்குவது பதில் வராத அந்த மின்னஞ்சல்கள்தான். ஒரு கோச் என்ன எழுதிக் கேட்டிருப்பார்? இடது பக்கம் ஆட யார் வருகிறார்கள், முதல் பயிற்சி எந்தத் தேதி, எந்த கிரவுண்ட் என்றுதான் கேட்டிருப்பார். உங்கள் கையில் இருந்த டீம் லிஸ்ட்டும் இதே ரகம். உங்களை அங்கே யாரும் திட்டவில்லை, வெளியே போகச் சொல்லவும் இல்லை. கையிலிருந்த தாளைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதை எப்படிப் புகார் செய்வது என்றுகூடத் தெரியாது, இல்லையா?

இத்தாலியில் கரோலினா மொராச்சேவுக்கும் 1999இல் ஏறக்குறைய இதுதான் நடந்தது. தேசிய அணிக்கு 105 கோல் அடித்தவர். 1990இல் வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல். மூன்றாம் பிரிவில் இருந்த விதெர்பேஸே அணிக்கு அவரைக் கோச் ஆக்கினார்கள். சுற்றிலும் கேமராக்கள். இரண்டே ஆட்டம், விலகிவிட்டார்.

கோஸ்தா போட்டுவிட்டுப் போன அதே நாற்காலியில், அதே தலைவருக்குக் கீழே, நான்கைந்து நாளில் டியாக்ர் வந்து உட்கார்ந்தார். முதல் லீக் ஆட்டம் ஆகஸ்ட் 4, ப்ரெஸ்ட் ஊரில். அன்று அவருக்கு நாற்பதாவது பிறந்தநாள். 2-1 என்று தோற்றார்கள். அந்த சீசனை 20 அணிகளில் 12ஆவது இடத்தில் முடித்தார்கள், அடுத்த சீசனில் 7ஆவது இடம். பிரான்ஸ் ஃபுட்பால் பத்திரிகை இரண்டாம் பிரிவின் சிறந்த கோச் என்று அவரைத் தேர்ந்தெடுத்தது. மூன்றாவது சீசனில் மறுபடி 12. கோப்பை எதுவும் இல்லை, முதல் பிரிவுக்கு ஏறவும் இல்லை. சிறிய கிளப்பைக் கீழே விழாமல் வைத்திருந்த, அவ்வப்போது மேலே தூக்கிய ஒரு நல்ல கோச்சின் கணக்கு இது. ஒரு ஆணின் பெயரில் இந்தக் கணக்கு இருந்திருந்தால் நானும் கட்டுரை எழுதியிருக்க மாட்டேன். அப்படி யாரும் கட்டுரை எழுதத் தேவையில்லாத ஒரு சாதாரண நல்ல கணக்கு பெண்ணின் பெயரிலும் இருக்க முடிந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. தன்னைப் பெண் கோச் என்று பேசாமல் கோச் என்று பேசும் நாளுக்குத்தான் அவரும் காத்திருந்தார்.

2023ஐப் பற்றி. மறைக்கவில்லை, ஆனால் கட்டுரையைக் கிளெர்மோனோடு நிறுத்திக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன். கேப்டன் வென்டி ரெனார் அந்த பிப்ரவரியில் உலகக் கோப்பைக்கு வரமாட்டேன் என்று அறிவித்தார். கட்டோட்டோ, டியானி என்ற இரண்டு வீராங்கனைகளும் பின்தொடர்ந்தார்கள். மார்ச்சில் டியாக்ரை நீக்கினார்கள். அவர்மேல் தப்பு இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அமான்டின் ஆன்ரி, யூஜெனி லெ சொமேர் போன்ற மூத்தவர்களை 2022 யூரோ கோப்பைக்கு (ஐரோப்பிய நாடுகளின் போட்டி) விட்டுவிட்டுப் போனார். ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஆட்களோடு பேசத் தெரியவில்லை. ரெனார் பக்கம்தான் நான்.

ஆனால் “பார்த்தாயா, பெண்ணால் முடியவில்லை” என்று அதிலிருந்து ஒருவர் முடிவு கட்டினால், அவருக்கு 2010ஐ நினைவுபடுத்துங்கள். அதே பிரான்ஸ், ஆண்கள் அணி. தென்னாப்பிரிக்காவின் நைஸ்னாவில், உலகக் கோப்பையின் நடுவே, சக வீரர் அனெல்காவை வீட்டுக்கு அனுப்பியதற்காக மொத்த அணியும் பயிற்சிக்கு வரமாட்டேன் என்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கோச் ரெமோன் டொமெனெக், வீரர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கையைத் தானே பத்திரிகையாளர்கள் முன் நின்று வாசித்தார். ஆண்களுக்கு ஆண் கோச் சரிவராது என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. டொமெனெக் தோற்றார் என்றுதான் சொன்னார்கள். டியாக்ருக்கும் தோற்க அவ்வளவு உரிமை வேண்டும்.

தோற்றவருக்கு அடுத்த வேலை கிடைக்கவும் வேண்டும். கோச் கிளாடியோ ரனியேரியை 2019 பிப்ரவரி கடைசியில் இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் கிளப் நீக்கியது. மார்ச் இரண்டாவது வாரத்துக்குள் ரோமா அணியில் இருந்தார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, குறையாகச் சொல்லவில்லை. ஆண் கோச்சுக்கு ஒரு சந்தை இருக்கிறது, ஒரு கடை மூடினால் இன்னொன்று திறக்கிறது. மொராச்சே விதெர்பேஸேயிலிருந்து இத்தாலி பெண்கள் அணிக்குப் போனார். இங்கா கிரிங்ஸ், யூரோ கோப்பையில் இரண்டு முறை அதிக கோல் அடித்தவர், ஜெர்மனியில் ஷ்ட்ராலென் ஆண்கள் அணியோடு 2019இல் நான்காம் பிரிவிலிருந்து கீழே இறங்கி, அடுத்த வருடமே மேலே ஏற்றிக் காட்டினார். அவருடைய அடுத்த அணி சூரிச் பெண்கள் அணி. டியாக்ரைப் பிரான்ஸ் பெண்கள் அணி அழைத்தது, போனார். இவை கௌரவமான வேலைகள், சந்தேகமே இல்லை. ஆனால் பெண்கள் அணிகளின் கதவு ஆண்களுக்கும் விரியத் திறந்திருக்கிறது. 2019 பெண்கள் உலகக் கோப்பைக்கு வந்த 24 அணிகளில் ஒன்பதுக்குத்தான் பெண் கோச். ஆண்கள் அணிக்கு ஆசைப்பட வேண்டுமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கணக்கைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். ஆசைப்படுவது அவரவர் விருப்பம். போக்கும் வரவும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

இன்னொரு காட்சி, இதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. மரி-லூயிஸ் எட்டா, 2010இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் அணியோடு பெண்கள் சாம்பியன்ஸ் லீக் வென்றவர், 26 வயதில் ஆட்டத்தை நிறுத்திக் கோச்சிங்குக்கு வந்தவர். 2023 நவம்பரில் யூனியன் பெர்லினில் துணைக் கோச் ஆனார். ஜெர்மனியின் முதல் பிரிவான ஆண்கள் புண்டெஸ்லிகாவில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். 2024 ஜனவரியில், பயர்ன் மியூனிக்குக்கு எதிரான ஆட்டத்தில், யூனியனின் தலைமைக் கோச் நெனாத் பியெலிட்சா பந்துக்காக வந்த எதிரணி வீரர் லெராய் சானேவின் முகத்தில் கைவைத்துத் தள்ளினார். சிவப்பு அட்டை, மூன்று ஆட்டத் தடை. அடுத்த ஆட்டம் டார்ம்ஸ்டாட்டோடு. அவர் இடத்தில் அணியைப் பார்த்துக்கொண்ட துணைக் கோச்சுகளில் ஒருவராக லைனில் வந்து நின்றார் எட்டா. 1-0 என்று ஜெயித்தார்கள். பெண்கள் உணர்ச்சிவசப்படுவார்கள், லைனில் நிற்கச் சரிவராது என்று காலம் காலமாகச் சொல்லிவந்தார்கள். அன்று உணர்ச்சிவசப்பட்டதால் லைனில் நிற்க முடியாமல் போனவர் யார் என்பதை ஜெர்மனி முழுக்கப் பார்த்தது.

இனி உங்கள் மண்டலப் போட்டி. தலைமையாசிரியரின் நல்லெண்ணத்தை நானும் நம்புகிறேன். ஆனால் ஒரு சாரை முன்னால் நிறுத்தினால் அன்றைய பேச்சு மட்டும்தான் ஓயும். அடுத்த போட்டிக்கு மேசையில் இருப்பவர் அந்த சாரைத்தான் தேடுவார். உங்கள் பையன்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். எட்டு வருடமாக யார் சொல்லி ஓடினார்களோ, அவர் பெயர் தாளில் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். அந்த சார் தாராளமாக வரட்டும். தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்தானே. லிஸ்ட்டில் கோச் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்கிக்கொள்ளும் வரை கையை நீட்டியபடியே நில்லுங்கள்.

உங்களைக் கைகாட்டிய அந்தப் பிளஸ் டூ பையன் எந்த இடத்தில் ஆடுகிறான்? போட்டி முடிந்ததும் அதையும் சேர்த்து எழுதுங்கள்.