பக்கவாதத்துக்குப் பின் எழுத்தை மீட்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. பேச்சு ஓரளவு வருகிறது. எழுதச் சொன்னால் முதல் எழுத்தோடு நின்றுவிடுகிறார். கணினியில் பயிற்சி கொடுத்தால் பலன் இருக்குமா? – ரங்கூன்

இருக்கும். வருடங்கள் கடந்தவர்களும் பயிற்சியால் சொற்களை மீட்டிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் பழகிய சொற்கள்தான் திரும்பும், பழகாதவை தாமாக வருவது குறைவு. அதனால் சொல்தேர்வில் அவசரப்படாதீர்கள். பேரப்பிள்ளையின் பெயர், மாத்திரை, தெருப்பெயர் என்று அப்பாவுக்கு நிஜமாகவே தேவைப்படும் ஐந்து சொற்களில் தொடங்குங்கள்.

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெலாஜி பீசன் வகுத்த முறை வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும். படத்தைக் காட்டி எழுதச் சொல்லுங்கள். வரவில்லையா? அந்தச் சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். சரியாக அடுக்கினால், சேராத இரண்டு எழுத்துகளைக் கூடச் சேர்த்து மறுபடி அடுக்கவிடுங்கள். பிறகு பார்த்து மூன்று முறை எழுதட்டும். கடைசியாகச் சொல்லை மறைத்துவிட்டு, நினைவிலிருந்து மூன்று முறை. பலன் தருவது இந்தக் கடைசிப் படிதான். பல வீடுகளில் நோட்டு முழுக்கப் பார்த்தே எழுத வைக்கிறார்கள். அப்போது அவர் எழுத்தைக் கோலம்போல இழுக்கிறாரே தவிர, சொல்லைத் தேடி எடுப்பதில்லை. ஐந்தில் நான்கு அடுத்தடுத்து இரண்டு நாள் சரியாக வந்தால் புதிய ஐந்துக்குப் போங்கள். பழையதை வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

தனி மென்பொருள் தேடி அலைய வேண்டாம். பவர்பாயிண்ட் அல்லது இலவசமான லிப்ரே ஆபிஸ் போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், கீழே எழுத்துக்கு ஒரு பெட்டி, எழுத்தளவு 60. அவர் மவுஸால் இழுத்து அடுக்கலாம். இங்கே ஒரு கவனம்: ‘கொய்யா’ என்றால் கொ, ய், யா என்று மூன்று பெட்டிகள் மட்டும். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே பிரித்துப் போட்டால், நன்றாக எழுதிக்கொண்டிருந்தவருக்கே தலை சுற்றும்.

அம்மா கோயில் வகுப்பில் தமிழ் படித்தவர். கடைக்கணக்கெல்லாம் பர்மிய மொழியில் எழுதியவர். எதில் பழக்குவது? – மோல்மீன்

எதை எதற்கு எழுதினாரோ அதையே அதற்குப் பழக்குங்கள். கணக்கும் சரக்குப் பெயரும் பர்மியத்தில், உறவினர் பெயர்கள் தமிழில். இரண்டு மொழியும் வேண்டாம் என்று ஒன்றை முடக்கத் தேவையில்லை. ஒரே தொகுப்பில் மட்டும் கலக்காதீர்கள்.

பர்மியத்தில் தட்டுவதானால் எழுத்துருவையும் பாருங்கள். ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் ‘ஏ’ ஒலிக்குறியை முதலில் தட்டுவோம். இப்போதைய பொது முறையான யூனிகோடு அதை மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கும். சில யூனிகோடு விசைப்பலகைகள் முன்னால் தட்டினாலும் ஏற்கும், சில ஏற்காது. அம்மாவின் கை எந்த வரிசைக்குப் பழகியதோ அதை ஏற்கும் விசைப்பலகையைப் போட்டுக்கொடுங்கள். இல்லாவிட்டால் விசைப்பலகை செய்யும் பிழையை அம்மாவின் பிழை என்று எண்ணிவிடுவீர்கள்.

வலது கை அசையவில்லை. எந்தத் தமிழ் விசைப்பலகை நல்லது? – பெகு

தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறை வேண்டவே வேண்டாம். ஒலியைப் பிரித்து இன்னொரு மொழியின் எழுத்தாக மாற்றச் சொல்வது அது. அஃபேசியா, அதாவது மூளைப் பாதிப்பால் வரும் மொழித்திறன் குறைபாடு, உள்ளவருக்குப் பெரும்பாலும் பழுதாகியிருப்பதே அந்தத் திறன்தான். தமிழ்99-இல் ‘க’வை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானாகவே விழும். ஒற்றைக் கைக்கு அது பெரிய உதவி. ஸ, ஜ போன்றவற்றுக்கு ஷிப்ட் தேவை. விண்டோஸில் ஷிப்டை ஐந்து முறை தட்டினால் அதை விரலால் பிடித்துக்கொண்டிருக்காமல் தட்டும் வசதி வரும்.

சொல்லின் கடைசி எழுத்தை மட்டும் அடிக்கடி விடுகிறாரா? வலப்பக்கப் பார்வை குறைந்திருக்கலாம். திரையை இடப்பக்கம் நகர்த்திப் பாருங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

கைபேசி தானே சொல்லைப் பரிந்துரைக்கிறதே, அது போதாதா? வாய்ஸ் டைப்பிங்? – ரங்கூன்

பரிந்துரை வர முதல் எழுத்து தெரிய வேண்டும், வந்த மூன்றில் சரியானதைப் படித்துத் தெரிந்துகொள்ளவும் வேண்டும். வாசிப்பும் பழுதாகியிருந்தால் உரக்க வாசித்துக்காட்டும் வசதியோடு சேர்த்துக் கொடுங்கள். பயிற்சி நேரத்தில் பரிந்துரையை அணைத்துவிடுங்கள், நிஜமான செய்தி அனுப்பும்போது போடுங்கள். வாய்ஸ் டைப்பிங் பேச்சு தெளிவாக உள்ளவருக்கு மட்டும்.

தினம் எவ்வளவு நேரம்? கரண்ட் போனால் என்ன செய்வது? – தட்டோன்

இருபது முதல் முப்பது நிமிடம். களைத்தால் இரண்டாகப் பிரியுங்கள். கரண்ட் போனால் அட்டையும் பென்சிலும் எடுங்கள், அதில் இழப்பு ஒன்றும் இல்லை. 2013-இல் பீசன் குழு ஒருவரிடம் சோதித்தபோது, கைபேசியில் தட்டிப் பழகியவற்றைவிடக் கையால் எழுதிப் பழகிய சொற்களே நீண்டநாள் நின்றன.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் 278 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, சொல்லைத் தேடி வாயால் சொல்லும் பயிற்சியைக் கணினியில் கொடுத்தது. பழகிய சொற்கள் தெளிவாகக் கூடின. உரையாடல் அதனால் மேம்படவில்லை. எழுத்திலும் இதை எதிர்பார்த்தே நடந்துகொள்ளுங்கள். ஐந்து சொல் வந்ததும் அவற்றைப் புழக்கத்தில் விடுங்கள். கடைக்குப் போகும் பிள்ளைக்கு வைபரில் ‘மாத்திரை’ என்று அவரே அனுப்பட்டும். ஓரெழுத்து தவறினால் திருத்தாமல், புரிந்தது என்று பதில் போட்டு மாத்திரையை வாங்கிக் கொடுங்கள். அந்தச் சொல்லை மறுநாள் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாம்.